கடைக்குப் போன் வைக்கும் முதலாளி

கடைக்கு எந்த மாதிரிப் போன் வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் யோசிக்கும் முதலாளி தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைத்தெருக்களில் தவறாமல் தென்படுபவர். விழுப்புரம் மாவட்டம், செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் அவர் பெரும்பாலும் உரக்கடை வைத்திருப்பார். நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற சுற்றுவட்டாரம். விளைந்தது செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை மூட்டையாகப் போய்ச் சேரும். எனவே அவருக்கு வரும் அழைப்புகள் மூன்றே வகைதான்: சரக்கு இருக்கிறதா, என்ன விலை, பாக்கியை அறுவடைக்குப் பிறகு தரலாமா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் உரிமை கடையில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் வாங்கியது, வாங்க நினைத்தது, வாங்கி மூலையில் போட்டது என அத்தனை கருவிகளின் கதையும் இந்த உரிமையைச் சுற்றியே நடக்கிறது.

அவருடைய தகப்பனார் காலத்தில் தேர்வு என்ற பேச்சே இல்லை. மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை விசிட்டிங் கார்டில் பக்கத்து அரிசி மண்டியின் எண்ணைப் போட்டு, அதன் ஓரத்தில் ‘பி.பி.’ என்று அச்சடித்துக்கொள்வார்கள். மண்டிப் பையன் வந்து குரல் கொடுத்தால், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். வெளியூருக்கு என்றால் டிரங்க் கால். சாதா, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். 1984-ல் தொடங்கப்பட்ட அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், வெயிலையும் புழுதியையும் தாங்கி ஏ.சி. இல்லாமலே ஓடும் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கிய பிறகு, டயல் டோன் கிராமங்களுக்கும் பரவியது. கடைக்குப் போன் வந்ததும் முதலாளி செய்த முதல் வேலை டயலில் பூட்டு மாட்டியது. கடைப் பையன்கள் செய்த முதல் வேலை, ரிசீவர் உட்காரும் பொத்தானைத் தட்டித் தட்டியே எண் போடப் பழகிக்கொண்டது.

வியாபாரம் பெருத்துக் குடோன் தனியாகப் போனதும் இன்டர்காம் ஆசை வரும். கடைகளில் கிடைத்தது மூன்று வெளி லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் கொண்ட பெட்டி. எட்டுக்கு ஆள் தேடுவதுதான் பெரும்பாடு. கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, மாடியில் வீட்டுக்கு ஒன்று. மிச்சம் ஐந்தும் முதலாளியின் எதிர்காலத் திட்டங்கள். ஆனால் மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது மட்டுமே அதில் ஒழுங்காக நடக்கும். குடோனில் மணி அடித்தால் மூட்டை தூக்குகிற ஆள் எடுத்து, “மொதலாளி இல்லீங்க” என்று வைத்துவிடுவார். வேறு எதுவும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு.

செல்போன் வந்த புதிதில், வருகிற அழைப்புக்கும் காசு போனதால் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். 2003-ல் அந்தக் கட்டணம் நின்றதும் அதே எண்ணைப் பெயர்ப்பலகை, மஞ்சப்பை, தினசரிக் காலண்டர், டெம்போவின் பின்கதவு எல்லாவற்றிலும் எழுதினார். அன்றோடு தேர்வு முடிந்துவிட்டது. அது அவருக்குத்தான் தெரியாது. 2011-ல் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தபோது, மஞ்சப்பையை மறுபடி அச்சடிக்கத் தேவையில்லை என்ற ஒரே காரணத்துக்காக அரசாங்கத்தை மனமாரப் பாராட்டினார்.

அதன்பின் வந்த யோசனைகள் எல்லாம் என்ஜினீயரிங் முடித்த மகனுடையவை. 1800-ல் தொடங்கும் இலவச எண்ணை முதலில் சொன்னான். கூப்பிடுகிறவருக்குக் காசில்லை, கடைக்குத்தான் பில் என்று தெரிந்ததும், “அவன் கடன் கேக்கறதுக்கு நான் காசு குடுக்கணுமா?” என்ற ஒரு கேள்வியில் அது முடிந்தது. அடுத்து வந்தது தானாகப் பேசும் ஐ.வி.ஆர். விலைக்கு ஒன்றை அழுத்தவும், இருப்புக்கு இரண்டை அழுத்தவும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் அது சரி. அங்கே யார் கேட்டாலும் ஒரே பதில். உரக்கடை அப்படியல்ல. டி.ஏ.பி. உர மூட்டையில் விலை அச்சாகியே வருகிறது, அதில் ரகசியம் கிடையாது. இருக்கிறதா இல்லையா என்பதுதான் ரகசியம். நடவு நேரத்தில் ஒருவர் கூப்பிடுவார்:

“அண்ணே, டி.ஏ.பி. வந்துச்சா?”

“எங்கப்பா, லோடே வரல. நாளன்னிக்குக் கேளு.”

ஐந்து நிமிஷத்தில் இன்னொருவர், போன போகத்துப் பாக்கியைப் பைசா விடாமல் கட்டியவர், அதே கேள்வியைக் கேட்பார்.

“நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்.”

இரண்டாவது பொத்தானை அழுத்தினால் ஆளுக்கு ஒரு பதில் சொல்லும் எந்திரத்தை எந்தக் கம்பெனியும் இதுவரை விற்கவில்லை. ஐ.வி.ஆர். இசையைக் கேட்ட விவசாயிகள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டு மஞ்சப்பையைத் தேடி எடுத்தார்கள்.

2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் ஓரளவு ஒட்டிக்கொண்டது. விலைப்பட்டியலுக்கென்று மகன் அமைத்த அந்தக் கணக்கு இப்போது இலை வைத்தியசாலை. புள்ளி விழுந்த மணிலா இலை, சுருண்ட இலை, கையில் வைத்துப் படம் பிடித்ததால் இலையைவிடக் கட்டைவிரல் பெரிதாகத் தெரியும் இலை எல்லாம் விடியற்காலையிலேயே வந்து குவியும். கூடவே “இதுக்கு என்னா மருந்து?” என்று குரல் பதிவு. மருந்தின் பெயரை எழுதி அனுப்பினால் வேறு கடையில் வாங்கிவிடுவார்கள் என்பதால் முதலாளியின் பதில் எப்போதும் ஒன்றே: “நேர்ல வாங்க.”

லேண்ட்லைன் இன்றும் இருக்கிறது. செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்ததில் இன்டர்நெட்டோடு சேர்த்துத் தலையில் கட்டியது. 04145 என்று தொடங்கும் எண் பில்லின் தலைப்பில் மரியாதைக்கு அச்சாகிறது. அதில் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் கிரெடிட் கார்டு விற்பவர்கள்.

முதலாளி உளமார ஏற்றுக்கொண்ட தொலைபேசி வசதி ஒன்றே ஒன்று, கால் ஃபார்வர்டிங். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அழைப்புகளை வீட்டம்மாவின் செல்லுக்குத் திருப்பிவிடுவார். யார் எந்தப் போகத்தில் எத்தனை மூட்டைக்குப் பாக்கி வைத்தார் என்பது அந்த அம்மாளுக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். அன்றைக்கு “டி.ஏ.பி. இருக்குதா?” என்று கேட்டவருக்கு வரும் பதில், “பழைய பாக்கி எப்ப வருது?” என்பதுதான். வசூலும் மற்ற நாட்களைவிட நன்றாகவே நடக்கும்.