வானத்து டைம் கீப்பர்

ராஜபாளையத்தில் பஞ்சாலை உண்டு, பேண்டேஜ் துணி உண்டு, ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. விமானம் ஏறுகிறவர் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு "ஏர் டிராபிக் கண்ட்ரோலர் வேலைக்கு அப்ளிகேஷன் போடப் போகிறேன்" என்று சொன்னால், கேட்பவர் காதில் நடுவிலுள்ள சொல் மட்டும்தான் விழும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தைக்கு அப்படித்தான் விழுந்தது. "டிராபிக்குலயா மருமகனே? நல்லதாப் போச்சு. உங்க மாமா ஹெல்மெட் போடாம போயி ஃபைன் கட்டிட்டே இருக்காரு. இனிமே உன் பேரச் சொல்லிக்கலாம்ல?"

இது ரோட்டில் இல்லை, வானத்தில் என்று விளக்கினேன்.

"வானத்துல எதுக்குய்யா டிராபிக்கு? அங்க என்ன ரோடா போட்ருக்கு?"

போட்டிருக்கிறது அத்தை. பெயரும் எண்ணும் வைத்தே போட்டிருக்கிறது. இந்திய வானத்தை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரித்து மேய்க்கிறார்கள். நம் தலைக்கு மேலே இருப்பது சென்னை. ரேடார் பார்வையில், ஒரே உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே பொதுவாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் விட வேண்டும். நம் இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஒரு விமானம் ராஜபாளையத்துக்கு மேலேயும் இன்னொன்று ஆண்டாள் கோயிலுக்கு மேலேயும் இருந்தால் விதிப்படி சரி. அந்தத் தூரத்தை ஒரு விமானம் ஒரு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். கீழே அதே தூரத்துக்குப் பஸ்ஸில் அரை மணி. ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பறந்தால் நடுவே 1,000 அடி. நம் கோபுரம் 192 அடி. ஐந்து கோபுரத்தை அடுக்கினாலும் இன்னும் 40 அடி மிச்சம் இருக்கும்.

இந்த இடைவெளிக் கணக்கைக் கேட்டதும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பார்த்த போக்குவரத்து வேறு. எங்கள் சாலையில் இரண்டு தனியார் பஸ்கள் கலெக்‌ஷனுக்காக ஓடும்போது, முன்னால் போகும் பஸ்ஸின் முதுகில் 'இடைவெளி விடவும்' என்று எழுதியிருப்பதைப் பின்னால் வருகிறவர் கண்ணாடி போடாமலே படித்துவிடலாம். அந்தத் தூரம்தான் இடைவெளி.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தவர் ஹெல்மெட் போடாத மாமாதான். "அட, நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் வேலைடி அது" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. டைம் கீப்பருக்கு பஸ் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் நோட்டில் குறித்து, விசில் ஊதி, "எடுப்பா" என்று சொல்லாமல் எந்த பஸ்ஸும் நகராது. மூன்று நிமிஷம் முன்னே பின்னே ஆனதற்கு இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் அவர் குரல் உயராது. அமெரிக்காவில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படும் ஆர்ச்சி லீக் என்பவரும் அப்படித்தான். 1929-ல் செயின்ட் லூயிஸ் விமானத் திடலுக்கு ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, நோட்டுப் புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வருவாராம். கையில் இரண்டு கொடி. ஒன்றைக் காட்டினால் போகலாம், சிவப்பைக் காட்டினால் நிற்க வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தால் மறுநாளே வேலை பழகியிருப்பார்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். ஜூனியர் எக்சிகியூட்டிவ் என்று பதவிக்குப் பெயர். 2023 அறிவிப்பில் 496 இடம், 2025-ல் 309. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும், அந்தப் பாடங்கள் ஏதாவது ஒரு செமஸ்டரிலாவது இருந்த பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. அம்மா அந்த 27-ஐ எனக்குப் பெண் பார்ப்பதற்கான வரம்பாகவும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அப்பா சம்பளப் பக்கத்தை மட்டும் படித்தார். 40,000-த்தில் தொடங்கி 1,40,000 வரை போகும் ஊதிய விகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், பயிற்சி முடித்துவிட்டு மூன்று வருஷத்துக்குள் ஓடிப்போகாமல் இருக்க 7 லட்சத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. "வேலை குடுக்கிறாங்களா, வட்டிக்குக் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார்.

பரீட்சை மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில். கம்ப்யூட்டரில் 120 கேள்வி, 120 நிமிஷம். பாதி கணிதமும் இயற்பியலும், மீதி ஆங்கிலமும் பொது அறிவும் புத்திக்கூர்மையும். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை என்பது இதன் மகத்தான அம்சம். தெரியாத கேள்வி என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம். டீக்கடை பெஞ்சில் வளர்ந்தவனுக்கு இதைவிட இயல்பான தேர்வு உண்டா? என் பக்கத்து இருக்கைக்காரர் கடைசி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, மிச்சத்துக்கெல்லாம் வரிசையாக 'சி' போட்டுக்கொண்டே போனார். எனக்கு வந்த கேள்விகளில் தொகை நுண்கணிதம் இருந்தது, ஒளியியல் இருந்தது, விமானம் மட்டும் எங்கேயும் இல்லை.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் குரல் தேர்வு. திக்காமல், விழுங்காமல், ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேசுகிறோமா என்று பார்ப்பார்கள். நான் ஒரு படி மேலே போய், விமானக்காரர்களின் எழுத்து முறையையே பழக ஆரம்பித்தேன். ரேடியோ இரைச்சலில் 'பி', 'டி', 'ஈ' எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1956 முதல் உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. 'ஐ' என்ற எழுத்துக்கு நம் நாட்டின் பெயரே வைத்திருப்பதை அப்பாவிடம் சொன்னேன். விண்ணப்பக் கட்டணத்தைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை. எண்களிலும் மாற்றம் உண்டு. மூன்று 'ட்ரீ', நான்கு 'ஃபோவர்', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டி எண்களை "டாங்கோ நவம்பர் எயிட் ஃபோவர்" என்று படிக்கப் படிக்க, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. முழுப் பயிற்சியையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டது எதிர்வீட்டு ராஜபாளையம் நாய் ஒன்றுதான். அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

குரலைவிடப் பெரிய பாடம் ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. விமானத்துக்கு அனுமதியோ உயரமோ சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிசகு இருந்தால் திருத்த வேண்டும். புரிந்ததா என்று கேட்பதில்லை. என்ன புரிந்தது என்று சொல்ல வைப்பார்கள். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்று ஆரம்பித்து, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியதால் 'ஓகே' தெளிவாகக் கேட்டது, மிச்சம் இரைச்சலில் போயிற்று. அதன்பிறகு, 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்றாயிற்று. அங்கே ஒரு சொல் கூடினாலும் ஆபத்து. எங்கள் ஊரிலோ, காந்தி சிலைக்கு வழி கேட்டவரிடம் முதலில் அவர் யார் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று விசாரித்து, அந்த வீட்டின் சொத்துத் தகராறைச் சொல்லி, பிறகுதான் கையை நீட்டுவோம்.

குரல் தேர்வுக்கு அடுத்தது போதைப்பொருள் சோதனை. அத்தை அதற்கு முந்தின நாள், தேர்வு அதிகாரிகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கிலோ பால்கோவாவோடு வந்து நின்றார். லஞ்சம் ஆகிவிடும் என்றேன். அப்படியானால் நீயே சாப்பிடு என்றார். நாளைக்குச் சோதனை இருக்கிறது, எதையும் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்றேன். அத்தை உண்மையாகவே கோபப்பட்டார். "பாலும் சீனியும் மருமகனே! 2019-ல கவர்மெண்டே புவிசார் குறியீடு குடுத்துருக்கு. அதுல போய் போதைன்னா வாய் அழுகிரும்." மறுநாள் குப்பியை நீட்டியபோது என் மனதில் ஓடியது கஞ்சாவோ அபினோ இல்லை, சுண்டக் காய்ச்சிய பால்தான். முடிவில் எதுவும் வரவில்லை. அத்தை அதைத் தன் கடைக்காரரிடம் நற்சான்றிதழாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரிக்கு வேறு யாரோ பெட்டி கட்டினார்கள். நான் டியூஷனில் இயற்பியல் நடத்துகிறேன். ஆனால் திருப்பிச் சொல்லும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் அம்மா கண்ட்ரோல், நான் விமானி. "துவரம்பருப்பு அரைக் கிலோ, சீரகம் நூறு, வரும்போது அப்பாவுக்கு மாத்திரை" என்றால், அப்படியே திருப்பிச் சொல்லி, "சரி" என்று அம்மா வாயால் வாங்கிய பிறகே செருப்பை மாட்டினேன். வாங்கி வந்த எதிலும் தப்பில்லை. பருப்புக்குப் பதில் உளுந்தில்லை, நூறுக்குப் பதில் இருநூறில்லை. "நான் சொன்னதே வேற" என்று அம்மா ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். வீட்டில் சண்டை அறவே நின்றுபோனது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் அம்மா. பிறகு பையை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ஏய்யா, இந்தத் திருப்பிச் சொல்ற சோலியெல்லாம் ஏரோப்பிளேனோட வச்சிக்க. எல்லாத்தையும் இப்பிடி உறுதி பண்ணிட்டுப் போனா, நான் யாரத் திட்டிக்கிட்டு சமைக்கிறது?"