புல்லுக்குக் கட்டிய கோட்டை



ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆளே இல்லாத மலையில் ஏண்டா இத்தனை சுவர், பங்காளித் தகராறா?" என்று கேட்டிருந்தீர்கள். தகராறு இல்லை மாமா, எல்லாம் புல்லுக்காக. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் வட மூலையில் இருக்கும் இந்த மேட்டுநிலத்தில் கோடை குறைச்சல், குளிர் அதிகம். தானியம் தேறாது, புல்தான் தேறும். கோடையில் ஆடுகளை மேல்மலைக்கு ஓட்டிவிட்டு, ஆற்றோரத்துப் புல்லை வளரவிட்டு, அறுத்துக் காயவைத்தால்தான் குளிர்காலத்தில் மாடு பிழைக்கும். அதுவரை ஆடு அதில் வாய் வைக்காமல் இருக்கத்தான் சுவர். மியூக்கர், கன்னர்சைடு கிராமங்கள் பக்கம் வயலுக்கு வயல் ஒரு கல் கொட்டகை நிற்கிறதே, அதுவும் இதே கணக்குதான். புல்லை ஊருக்குச் சுமக்காமல் மாட்டை வயலிலேயே கட்டினார்கள்: கீழே மாடு, பரணில் புல், சாணம் அந்த வயலுக்கே.

"கம்பிவேலி போதாதா?" என்பீர்கள். முள்கம்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பெரும்பாலான சுவர்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன. சாந்தே கிடையாது. இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவில் சில்லுக்கல் நிரப்பி, இரண்டையும் கவ்வ இடையிடையே நீளக்கல். பனிக்காற்றில் ஆடு ஒதுங்க அந்தச் சுவர்தான் மறைவு. கம்பிக்குப் பின்னால் எது ஒதுங்கும்? எல்லாம் புல்லுக்காக என்றதும், ஈயச் சுரங்கம்தானே இந்த ஊர்களை வளர்த்தது என்று படித்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். தேக்கிய தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, மண்ணை அரித்து ஈயம் தேடிய தழும்புகள் கன்னர்சைடு ஓடைச் சரிவுகளில் தெரிகின்றன. ஆனால் 1880-களில் ஈயத்தொழில் படுத்ததும் சுரங்கக்காரர்களில் பெரும்பாலோர் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். புல் போகவில்லை.

அந்தப் புல்லுக்கு நடக்கும் மரியாதை இருக்கிறதே! மியூக்கர் புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கவேண்டும் என்று பலகை. மிதிபட்ட புல் அறுப்புக்கு உதவாது, நியாயம்தான். ஆனால் காதலர்கள் கைகோக்க முடியாது. சண்டைக்காரர்கள் முறைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் முன்னால் போனால் அத்தை பின்னால் சொல்வதில் பாதி காற்றோடு போகும், அதனாலேயே உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கும். சுவரில் விட்டிருக்கும் சந்து அதைவிடக் கொடுமை: ஆள் நுழையலாம், ஆடு நுழையக்கூடாது என்று அளந்து வைத்த இடுக்கு. அந்த அளவுப்படி நான் ஆடு.

வருவதானால் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போடுங்கள். பூவெல்லாம் அப்போதுதான், ஜூலையில் அறுத்துவிடுவார்கள்.