ஓட்டைக்கு எண்பது வெள்ளியா, மாப்ளே?

வாடா மாப்ளே, உக்காரு. அக்கா போன்ல சொன்னப்ப நான் நம்பல. கண்ணாடியே இல்லாத கண்ணாடிய எண்பது வெள்ளிக்கு வாங்கி மாட்டியிருக்கானாம் என் மருமவன். கறுப்பு பிளாஸ்டிக்குல வரிசையாத் துளை போட்டு வித்தவன் கெட்டிக்காரன்தான். ஆனா துளைக்குப் பணம் குடுத்த உன்னை மாதிரி தர்மப்பிரபு நம்ம வம்சத்துல இன்னும் பொறக்கல.

பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில மைக்ராஸ்கோப்பு வச்சுச் சில்லு பாக்கிறவன் நீ. கித்தா மரம் சீவின நான் உனக்குப் பாடம் எடுக்கணும்னு தலையில எழுதியிருக்கு.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். அதப் போட்டா எழுத்து தெளிவாத் தெரியுது. பொய்யில்ல. அந்த நெசத்தக் காட்டித்தான் அவன் உன்னைப் பிடிச்சான். தினமும் போட்டா கண் தசைக்குப் பயிற்சி, வெள்ளெழுத்து ஓடிப்போயிடும்னு அடுத்த வரியில சேத்தான் பாரு, அதுதான் புளுகு. இந்த மாதிரிப் பேச்சுக்காக அமெரிக்காவுல 1990கள்லயே அரசாங்கம் விக்கிறவங்க மேல பாய்ஞ்சிருக்கு. அங்க விக்க முடியாதது நம்ம பக்கம் கப்பலேறி வரும். அது பழைய வழக்கம்.

அப்ப எழுத்து ஏன் தெளியுது? நாசி கண்டார் கடையில நீ எப்பவும் பஞ்சிர்னு கேப்பியே. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, தாலு எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தினா எது எங்க விழுந்துச்சுன்னு தெரியுமா? அகலமான சன்னல்ல வர்ற வெளிச்சமும் அப்படித்தான். தெருவுல இருக்கிற ஒவ்வொரு பொருளோட வெளிச்சமும் சுவத்துல எல்லா எடத்துலயும் விழுந்து கலந்துபோவுது. வெளிச்சம் இருக்கும், படம் இருக்காது. அதே சன்னல அடைச்சு ஒரு சின்னத் துளை மட்டும் விடு. வெளிச்சம் நேர்க்கோட்டுல போற சாதி. மேல இருந்து வர்றது துளை வழியாக் கீழ விழும், கீழ இருந்து வர்றது மேல ஏறும். ஒவ்வொண்ணுக்கும் சுவத்துல தனி எடம். படம் தலைகீழா வந்துரும்.

லெபு பசார் பக்கத்துப் பழைய கடைவீட்டுல மாடியறை மரக்கதவச் சாத்திட்டு மத்தியானம் படுத்திருந்தவனுக்கு இத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. கதவுல ஒரு ஆணித்துளை இருந்தாப் போதும், எதிர்ச் சுவத்துல பெச்சா தலைகீழா ஓடும். 2008ல யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனுக்குப் பட்டம் குடுத்ததுக்கப்புறம் எத்தனையோ கடைவீடு ஓட்டலாகி, ஏர்கோன் போட்டு, துளையெல்லாம் பூசியாச்சு. இப்ப அந்தக் கூத்தப் பாக்கணும்னா நாமதான் துளை போடணும்.

இதக் கண்டுபிடிச்சது யாருன்னு மட்டும் கோப்பிக் கடையில கேட்டுராத. தவுக்கே, ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னால எங்க சீன ஞானி மோசி எழுதிவச்சாருன்னு மார் தட்டுவாரு. பக்கத்து மேசை மாமாக், ஆயிரம் வருசத்துக்கு முன்னால கெய்ரோவுல அரபு அறிஞர் இபுனுல் ஹைதம் இருட்டறையில விளக்கு வச்சுச் சோதிச்சாரேம்பாரு. நம்ம ஆளு சும்மா இருப்பானா? ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போய்ப் பாரு, உள்ளறைச் சுவத்துல ராஜகோபுரமே தலைகீழா விழுதுன்னு எந்திரிச்சு நிப்பான். மூணு பேரு சொல்றதும் சரி. எல்லாருக்கும் தலைகீழாத்தான் விழுந்துச்சு, அதனால சண்டை எதுக்கு?

இப்ப உன் கண்ணுக்கு வருவோம். நடுவுல இருக்கிற கறுப்புப் பாப்பாதான் சன்னல். அதுக்குப் பின்னால லென்ஸ். வாலிபத்துல கிட்டக்க பாக்கணும்னா அது வளைஞ்சு குடுக்கும், நாப்பதத் தாண்டினா விறைச்சுக்கும். அப்ப ஒரு எழுத்தோட ஒரு புள்ளியிலிருந்து வர்ற வெளிச்சம், உள்ள புள்ளியாக் குவியாம அகலமா அப்பிக்கும். துளைய முன்னால வச்சா அந்த வெளிச்சம் மெலிசா நுழையுது. அப்பிக்கிறதும் சின்னதாவுது, எழுத்து தெரியுது. லென்ஸ் மட்டும் அதே முரட்டுப் பிடிவாதத்தோடதான் உக்காந்திருக்கு. கழட்டினா பழைய குருடி கதவத் திறடி.

இதுக்குக் கூலியும் உண்டு. பாப்பா 4 மில்லிமீட்டர் விரிஞ்சிருக்கிற எடத்துல 1 மில்லிமீட்டர் துளைய வச்சா, பதினாறுல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள போவும். பக்கவாட்டுப் பார்வையும் போச்சு. ராத்திரி இதப் போட்டுக்கிட்டு பினாங்குப் பாலத்துல காடி ஓட்டினா, மோட்டார்க்காரன் வர்றது உனக்குத் தெரியாது, அவன் திட்டறது மட்டும் நல்லாக் கேக்கும்.

நான் என்ன பண்றேன் தெரியுமா? நாலு நம்பர் சீட்ட அஞ்சடிக்கு வெளிய வெயிலுக்குக் கொண்டுபோயிடுவேன். வெயில்ல பாப்பா தன்னால 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். அதுக்கும் மேல வேணும்னா ஆள்காட்டி விரல மடக்கி, அந்தச் சந்து வழியாப் பாப்பேன். செலவு ஒரு சென் இல்ல. நம்பர்தான் இன்னும் அடிக்கல. 2021ல அமெரிக்காவுல வெள்ளெழுத்துக்குன்னு பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு அனுமதி குடுத்தாங்களே, அதுவும் பாப்பாவச் சுருக்குற வேலையத்தான் சில மணி நேரத்துக்குப் பண்ணுது.

துளைமேல அவ்வளவு ஆசையிருந்தா ஒரு மைலோ டின் எடு. உள்ள கறுப்புச் சாயம் அடி. பக்கத்துல ஓட்டை போட்டு, குளிர்பான டின்னு தகட்டுல மெல்லிய ஊசியால குத்தின துளைய ஒட்டு. எதிர்ப்பக்கம் போட்டோத் தாள். துளைக்கும் தாளுக்கும் 10 சென்டிமீட்டர்னா, துளை அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலா இருக்கணும். இன்னும் சின்னதாக் குத்தினா இன்னும் தெளிவா வரும்னு உன் மூளை சொல்லும். கேக்காத. ரொம்பச் சின்னத் துளையில வெளிச்சம் விளிம்புல பட்டு விரியுது, படம் மறுபடி மங்கிரும். இயற்பியல் அறிஞர் ராலே பிரபு 1891லயே இதுக்குக் கணக்குப் போட்டு வச்சுட்டாரு. பேராசைக்கு இயற்கையே வச்ச வரி அது.

உச்சி வெயில்லயே அரை நிமிசத்துக்கு மேல திறந்து வைக்கணும். லெபு பசார எடுத்துப் பாரு, நடக்கிறவன் ஒருத்தனும் படத்துல விழமாட்டான். வழிய மறிச்சு நிறுத்தின மோட்டார் மட்டும் பளிச்சுன்னு விழும். நகராண்மைக்காரங்களுக்கு அனுப்பலாம். ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை உலகம் முழுக்க இந்தத் துளைப் படத்துக்குன்னே ஒரு நாள் கொண்டாடறாங்க, 2001லேருந்து. நீயும் டின்னோட போய் நில்லு.

ஒண்ணுக்கு மட்டும் என் கையில அடி வாங்குவ. துளை வழியா சூரியனப் பாக்காத. 2019 டிசம்பர் 26ல கிரகணம் பிடிச்சப்ப மர நிழல் முழுக்கப் பிறை பிறையா விழுந்துச்சே, நினைவிருக்கா? இலைச் சந்தெல்லாம் துளை. சாதாரண நாள்ல விழுற வட்டமும் சூரியனோட படம்தான், ஒரு மீட்டர் தூரத்துக்கு 9 மில்லிமீட்டர் அகலம். 2031 மே 21ல வளையக் கிரகணம் தென்னிந்தியா, இலங்கை, மலேசியான்னு நம்ம ஊருசனம் இருக்கிற பக்கமா வருது. அன்னிக்கு சூரியனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, இந்த எண்பது வெள்ளிய ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல பிடி. துளைக்கு ஒரு சூரியன் இறங்கும்.

அதுவரைக்கும் கண்ணு வேணுமில்ல? அதுக்குத்தான் கூப்பிட்டேன். கண் டாக்டர்கிட்டயும் துளை போட்ட கறுப்பு மட்டை ஒண்ணு இருக்கு. அத வச்சு உன்னைப் படிக்கச் சொல்லுவாரு. எழுத்து தெளிஞ்சா பவர்க் கோளாறு, கண்ணாடி போட்டா முடிஞ்சுது. துளை வழியாவும் தெளியலன்னா புரையோ, விழித்திரையோ, நரம்போன்னு உள்ள தேட ஆரம்பிப்பாரு. அவருக்குத் துளை ஒரு கேள்வி. நீ அதையே பதில்னு மூஞ்சியில மாட்டிக்கிட்டுத் திரியற. உங்கப்பாவுக்கு இனிப்பு நீரு, உனக்கும் போன வருசம் எட்டிப் பாத்துருச்சு, தே தாரேக்க நீ விட்டபாடில்ல. அது விழித்திரைய அரிக்கிறப்ப வலிக்காது மாப்ளே.

எந்திரி, பதினோரு மணிக்குச் சீட்டு எடுத்து வச்சிருக்கேன். காடிய உன் பொஞ்சாதி ஓட்டட்டும். உள்ள பாக்கிறதுக்காக அங்க பாப்பாவ விரிய வைக்கிற சொட்டு விடுவாங்க, சில மணி நேரம் கிட்டக்க இருக்கிற ஒரு எழுத்தும் உனக்குப் புரியாது. திரும்பற வழியில நாசி கண்டார். பில்ல நான் வாசிக்கிறேன், காச நீ எண்ணாமக் குடு.