நத்தத்தில் ஒரு மதுரை மேட்ச்

மதுரைக்காரர்களுக்கு ஊரைவிட்டு வெளியே போவதில் ஒரு கொள்கைச் சிக்கல் உண்டு. பார்க்க வேண்டியவர்கள் மதுரைக்கு வர வேண்டும். மதுரை யாரையும் போய்ப் பார்க்காது. அழகரே மலையிலிருந்து இறங்கி வருகிறார். மீனாட்சி கல்யாணம் என்றால் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் கிளம்பி வருகிறார். இப்படி வளர்ந்த ஊருக்கு ஒரு கிரிக்கெட் அணியைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் அடுத்த மாவட்டத்தில் வைத்தால் என்ன ஆகும்? 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் அந்தப் பரிசோதனையைத்தான் செய்தது.

அணிகள் எட்டு. ஆரம்பத்தில் மைதானங்கள் மூன்றே மூன்று: சென்னையில் சேப்பாக்கம், திருநெல்வேலிப் பக்கம் சங்கர் நகர், நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். மதுரைக்கு நத்தம்தான் கிட்டே, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திண்டுக்கல்லுக்கும் அதே நத்தம்தான் கிட்டே. மதுரையும் திண்டுக்கல்லும் அங்கே மோதினால் இரண்டு பேருக்கும் சொந்த மண், இரண்டு பேருக்கும் வெளியூர்.

அணியின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வைத்த பெயர் மதுரை சூப்பர் ஜயன்ட். அந்தப் பெயரோடு ஆடிய இரண்டு சீசனிலும் ஒரு வெற்றிகூடக் கிடையாது. ரசிகனுக்கு இதில் ஒரு நிம்மதி இருந்தது. ஸ்கோர் கேட்க வேண்டியதில்லை, “இன்னைக்கு மேட்ச் இருந்துச்சா?” என்று கேட்டாலே முடிவு தெரிந்துவிடும். 2018-இல் கை மாறி, பெயர் மதுரை பாந்தர்ஸ் ஆனது. அந்த வருஷமே கோப்பை! ஆகஸ்ட் 12, சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம், எதிரே திண்டுக்கல். அவர்களை 117 ரன்னில் சுருட்டியாகிவிட்டது. அப்புறம் நம் ஆட்கள் பழைய ஞாபகத்தில் மளமளவென்று மூன்று விக்கெட்டைக் கொடுத்தார்கள். டிவியை அணைக்கப் போன என் மாமாவின் கையை அத்தை பிடித்துக்கொண்டாள். அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் கடைசிவரை நின்று முடித்தார்கள். அருண் கார்த்திக் மட்டும் 75. “நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, பேர்லதான் கோளாறுன்னு” என்றார் மாமா. அன்றைக்கு அவர் சொன்னது வேறு. அதை அச்சில் ஏற்ற முடியாது.

மாமா மில் வேலையில் ரிட்டயர் ஆனவர். விளையாட்டு என்று அவர் முழு மனதோடு ஒப்புக்கொள்வது ஜல்லிக்கட்டு ஒன்றைத்தான். கிரிக்கெட்டுக்குள் அவரை இழுத்துவந்தவர் வருண் சக்ரவர்த்தி. கட்டடக்கலை படித்துவிட்டு, பந்தை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று யாருக்கும் புரியாதபடி போடுகிறவர், 2018-இல் மதுரை அணியில் இருந்தார். அந்த டிசம்பரில் ஐபிஎல் ஏலம். 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரை பஞ்சாப் அணி 8.4 கோடிக்குத் தூக்கியது. தரகில் தமக்கும் பங்கு வரப்போகிற தோரணையோடு மாமா அன்றைக்குத் தெரு முழுக்க நடந்தார்.

அதனால் 2023 ஆனியில், நத்தத்தில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் மேட்ச் என்றதும் காரில் முதல் ஆளாக ஏறியவர் அவர்தான். வெற்றிலைப்பெட்டி, துண்டு, ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை. அவருடைய மகன், என் மச்சான், மஞ்சள் ஜெர்சியில் வந்தான். முதுகில் தோனி, 7.

“டே, இது நம்ம மதுரை மேட்ச்சுடா. தோனி எங்க வர்றாரு?”

“வந்தாலும் வருவாருல்லப்பா.”

தமிழ்நாட்டில் கிரிக்கெட் பார்க்கப் போகிற மனிதனுக்கு மஞ்சள்தான் உடுப்பு. யார் ஆடுகிறார்கள் என்பது அப்புறம்தான்.

அந்த ஏப்ரலில்தான் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தைத் திறந்திருந்தார்கள். தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கலாம், 7.3 கிலோமீட்டர். கீழே ரிசர்வ் லைன், ஐயர் பங்களா என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று, வண்டியிலிருந்தபடியே நாலு பேரை விசாரித்துப் போன காலம் போய்விட்டது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு மனுசன் மூஞ்சி தெரியல. இது என்ன பயணம்?” வலப்பக்கம் அழகர்மலை வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “அவரு இறங்குறதுக்கு ஒரு பாலம் போட்டாய்ங்களா? நடந்துதானே வர்றாரு.”

செட்டிகுளம் தாண்டியதும் மாந்தோப்புகள் தொடங்கின. ஆனி என்றால் நத்தம் பக்கம் மாம்பழம்தான். ரோட்டோரம் செந்தூரமும் கல்லாமையும் குவிந்து கிடந்தன. மாமா இறங்கிப் பேரம் பேசினார். போகும்போதே வாங்கினால் பழம் காரில் வெந்துவிடும், திரும்பும்போது வாங்கலாம் என்றேன். “ஜெயிச்சா வாங்க நேரமிருக்காது, தோத்தா மனசிருக்காது. இப்பவே வாங்கு மாப்ள.” அரைக் கூடை ஏறியது. மதுரை ரசிகனின் ஏழு வருஷ அனுபவம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

வழியில் மச்சான் செல்போனை ஸ்பீக்கரில் போட்டான். என் சித்தி மகன் கலிஃபோர்னியாவிலிருந்து பேசினான். அவனும் முந்தின நாள் ஒரு மேட்ச்சுக்குப் போயிருக்கிறான். பேஸ்பால், ஏஞ்சல்ஸ் அணி. லாஸ் ஏஞ்சலஸ் பெயரை வைத்துக்கொண்டு அந்த அணி ஆடுவது ஆனஹெய்ம் என்ற பக்கத்து ஊரில். தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முன்பு அணியின் பெயரில் ஆனஹெய்ம்தான் இருந்தது. 2005-இல் முதலாளி லாஸ் ஏஞ்சலஸை முன்னால் கொண்டுவந்தார். ஆனால் ஊரோடு போட்ட ஒப்பந்தப்படி பெயரில் ஆனஹெய்மும் இருந்தாக வேண்டும். ஆகவே லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஆஃப் ஆனஹெய்ம் என்று இரண்டு ஊரையும் கோத்துவிட்டார். ஆனஹெய்ம் நகராட்சி கோர்ட்டுக்குப் போய், 2006-இல் தோற்றது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நம்மளும் ஒரு கேஸைப் போட்டுருவோமா?”

“யார் மேல மாமா?”

“திண்டுக்கல் மேலதான். 1985 வரைக்கும் திண்டுக்கல் ஏது? எல்லாம் மதுரை ஜில்லா. செப்டம்பர் மாசம் பிரிச்சு விட்டாய்ங்க. நத்தத்தையும் சேத்துக் குடுத்துட்டோம். அப்ப எவனுக்குத் தெரியும், அங்க கிரவுண்டு வரும்னு? கேஸ் போட்டா அவிங்க எங்க வரணும்? ஒத்தக்கடைப் பக்கம் நம்ம ஐகோர்ட்டுக்குத்தான வரணும்!”

சட்டப்படி இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2004-இல் வந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் திண்டுக்கல் மாவட்டமும் வருகிறது. மைதானம் அவர்களுடையதாக இருக்கலாம், வாய்தா நம்முடையது.

“அஸ்வின் விடமாட்டாருப்பா, அப்பீல் போவாரு” என்றான் மச்சான். அதுவும் சரிதான். அந்த வாரம்தான் கோயம்புத்தூரில் திருச்சி அணிக்கு எதிராக, திண்டுக்கல்லின் அஸ்வின் ஒரு காரியம் செய்திருந்தார். அம்பயர் அவுட் கொடுக்க, பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்க, மூன்றாவது அம்பயர் இல்லை என்று சொல்ல, அந்த ரிவ்யூவின் மேல் அஸ்வின் ஒரு ரிவ்யூ கேட்டார். இரண்டாம் முறையும் நாட் அவுட்தான். மாமாவுக்கு ஆனந்தம். “டிவிஷன் பெஞ்ச்சுக்குப் போயிருக்காரு!”

மைதான வாசலில் சோதனை. தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதி இல்லை, புளியோதரைக்கும் இல்லை. காவலுக்கு நின்ற பையன் வெற்றிலைப்பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு டப்பாவை மோந்து பார்த்தான்.

“இது என்னங்கய்யா?”

“சுண்ணாம்பு. பந்துல தடவ மாட்டேன், போ.”

பையன் சிரித்துப் பெட்டியை விட்டுவிட்டான். புளியோதரை காருக்குத் திரும்பிப் போனது, மச்சான் வழியாக. அவன் திரும்பி வரும்போது வாளி பாதி காலி.

உள்ளே போனதும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: இடம் அழகு. பொறியியல் கல்லூரி வளாகம், சுற்றிலும் மலை, ஆனிக் காற்று. பவுண்டரிப் பக்கம் உட்கார்ந்தால் ஃபீல்டர் பேசுவது காதில் விழுகிறது. சேப்பாக்கத்தில் ஆட்டக்காரனைப் பார்க்கப் பெரிய திரையை நம்ப வேண்டும். இங்கே மாமா லாங் ஆனில் நின்றவரிடம் “தம்பி, கொஞ்சம் உள்ள வந்து நில்லு” என்று யோசனை சொன்னார். அவர் நிஜமாகவே இரண்டடி உள்ளே வந்தார். கேப்டன் சொல்லித்தான் வந்திருப்பார். மாமாவிடம் அதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் மாமாவுக்கு முதல் குறை, மைக். “அலங்காநல்லூர்ல மாடு வாடிவாசலை விட்டு வர்றதுக்குள்ள எந்த ஊரு மாடு, யாரு வளத்தது, பிடிச்சா என்ன பரிசுன்னு சொல்லி முடிச்சிருவாய்ங்க. இங்க பாட்டுத்தான் போடுறாய்ங்க.” இரண்டாவது குறை, பரிசு. அங்கே மாடு பிடித்தவனுக்கு அண்டா, கட்டில், பீரோ, கடைசியில் கார். பிடிபடாத மாட்டுக்கும் பரிசு உண்டு. இங்கே ஒரு பேட்ஸ்மேன் நாலு ஓவர் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனாய் நின்று ஆடி அவுட்டானால் வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார்கள். “ஒரு சில்வர் குடமாவது குடுத்து அனுப்பலாம்ல?” யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு மதுரை ஆடிய ஆட்டத்துக்கு நாலைந்து குடங்களில் செலவு முடிந்திருக்கும்.

அப்புறம் வருண் பந்து வீச வந்தார். திண்டுக்கல்லுக்காக. 2023-இல் அவர் அந்த அணிக்குப் போய்விட்டார். மதுரைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் மதுரைக்காரர்களுக்கே பந்து போடுகிறார். முதல் பந்தில் நம் பேட்ஸ்மேன் கிழக்கே வீச, பந்து மேற்கே போனது. மாமா எழுந்து நின்று கைதட்டினார்.

“அப்பா! அவரு எதிர் டீமுப்பா!”

“இருந்தா என்னடா? கட்டிக்குடுத்த பொண்ணு போன எடத்துல நல்லா இருந்தா கை தட்ட மாட்டமா?”

அதற்கு மேல் வருண் போட்ட ஓவர் முழுக்க மாமா ஒரு கையால் மதுரைக்குக் கவலைப்பட்டு, மறு கையால் அவருக்கு விசிலடித்தார்.

இதைப் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்தார். நத்தத்துக்காரர், சட்டை தைக்கிற கடை வைத்திருக்கிறார். நத்தத்தில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில்.

“நீங்க எந்த டீமுங்கய்யா?” என்றார்.

“மதுரை. நீங்க திண்டுக்கல்லா?”

“நான் ஏங்க திண்டுக்கல்? நான் நத்தம்.” அவர் குரலில் பல சீசன்களின் பாரம் இருந்தது. “கிரவுண்டு எங்களுது. வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி எங்களுது. மேட்ச் விட்டா டிராபிக்ல மாட்டுறதும் நாங்கதான். ரெண்டு டீமு இங்கன வந்து சொந்த ஊருங்குது. ஒரு சட்டையிலயாச்சும் நத்தம்னு போட்டுருக்கா? டிவியிலகூட கிரவுண்டு திண்டுக்கல்லுன்னுதான் வருது. இத்தனைக்கும் சட்டையே எங்க ஊருலதான் தைக்கிறோம்!”

வழியெல்லாம் திண்டுக்கல் மேல் வழக்குத் தொடுத்துக்கொண்டு வந்த மாமா வாயடைத்துப்போனார். எங்களுக்குப் பெயர் இருந்தது, மைதானம் இல்லை. இவருக்கு மைதானம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டில் எது பெரிய வழக்கு என்று எந்த பெஞ்ச்சும் சொல்லிவிடும். மாமா வெற்றிலைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். கலிஃபோர்னியா சங்கதியையும் சொன்னார். “அங்க ரெண்டு ஊரு பேரையும் சேத்தே வச்சாய்ங்களாம். மதுரை பாந்தர்ஸ் ஆஃப் நத்தம்னு வச்சுக்குவோம். உங்களுக்குச் சம்மதமா?”

நத்தத்துக்காரர் வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். “நத்தம் பாந்தர்ஸ் ஆஃப் மதுரைன்னு வைங்க.”

பேச்சுவார்த்தை அதோடு முறிந்தது. ஆட்டமும் முடிந்துகொண்டிருந்தது. மதுரை எடுத்த ரன்னைத் திண்டுக்கல் அவசரமில்லாமல் தாண்டிப் போனது. அருகிலிருந்த கல்லூரிப் பையன்கள் அதே உற்சாகத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதில் அவர்களுக்குக் கருத்து இல்லை. தோற்ற மேட்ச்சிலிருந்து இவ்வளவு நல்ல மனதோடு மாமா கிளம்பி நான் பார்த்ததில்லை. தன்னைவிட நியாயமான குறை உள்ள மனிதர் ஒருவரைப் பார்த்துவிட்டால், தோல்வி ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது. இரண்டு செந்தூரத்தை எடுத்து நத்தத்துக்காரரிடம் கொடுத்தார். “உங்க ஊருப் பழம்தான். நாங்க காசு குடுத்து வாங்கினது” என்றார்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் கல்விக் குழுமம் ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் திறந்துவைக்க வந்தவர் சாட்சாத் தோனி. மச்சான் அந்த மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு ரோட்டில் நின்றான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் உடையும் நிகழ்ச்சியும் பொருந்தின. இனி மதுரையிலேயே மேட்ச் பார்க்கலாம் மாமா, நத்தம் போகிற அலைச்சல் இல்லை என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

“உள்ளூருல நடந்தா அதுக்குப் பேரு மேட்ச்சா? சாப்பிட்டுட்டுப் போயி சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துறலாம். மாம்பழம் எங்க வாங்குறது?”

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நத்தத்துக்காரருக்குப் போன் போட்டு முதல் மேட்ச்சுக்கு இப்போதே அழைப்பு வைத்துவிட்டார். “நாங்க அத்தனை வருசம் வந்தம்ல, இனி நீங்க வாங்க. அதான் முறை. வரும்போது கல்லாமை ஒரு கூடை எடுத்துட்டு வந்துருங்க.”

எதிர்முனையில் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம்: நத்தம் என்று முதுகில் எழுதிய சட்டை ஒன்றை அவரே தைத்துப் போட்டுக்கொண்டு வருவார், மாமா அதை ஆட்சேபிக்கக் கூடாது. மாமா ஒத்துக்கொண்டார். தமக்கும் ஒன்று தைக்கச் சொல்லி அளவு கொடுத்திருக்கிறார், முதுகில் 1985.