வளைகுடாவில் ஒரு ஹஸ்கி

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்கால் மெத்தையில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தள்ள வேண்டும். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் துபாய்க்கும் அபுதாபிக்கும் இந்த ஏற்பாடு போதாது. இருந்தும், சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கி அங்கே அடுக்குமாடி வீடுகளில் ஏசிக்கு நேர்கீழே படுத்துக் கிடக்கிறது. இப்போது அது இழுப்பது தேவா என்ற துபாய் மின்வாரியத்தின் பில்லை, அதுவும் மேல்நோக்கி.

ஹஸ்கியின் உடம்பில் முடி இரண்டு அடுக்கு. மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு. பருவம் பார்த்து உதிர வேண்டிய பஞ்சு, ஏசியிலும் விளக்கு வெளிச்சத்திலும் பருவம் குழம்பி ஆண்டு முழுக்க உதிர்கிறது. சோபாவில் பாதி, பிரியாணியில் மீதி. வெறுத்துப்போன வளர்ப்பவருக்குத் தோன்றும் முதல் வைத்தியம் மொட்டை. பழனியில் அதற்குப் பலன் உண்டு, ஹஸ்கிக்கு இல்லை. வெயில் நேரே தோலில் விழாமல் தடுப்பதே அந்த மேல்முடிதான். மழித்தால் தோல் வெந்துபோகும்; மறுபடி முளைக்கும் முடியும் திட்டுத்திட்டாக வரலாம். எடுக்க வேண்டியது செத்த பஞ்சை மட்டும். அதற்குக் கத்தி வேண்டாம், நல்ல சீப்பு போதும்.

சீவாத முடி சிக்காகும். கடலோரப் புழுக்கத்தில் சிக்குக்கு அடியில் ஈரம் தேங்கும். நாய் அந்த இடத்தை நக்கி நக்கி ஒரே இரவில் புண்ணாக்கிவிடும். குளிப்பாட்டினால் தீரும் என்று வீட்டில் மீந்த ஷாம்புவை ஊற்றுவது அடுத்த தவறு. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில். மனித ஷாம்பு அதை வறட்டிச் சொறிய வைக்கும்.

உண்மையான எதிரி உண்ணி. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகியது. எஜாரி என்ற வாடகைப் பதிவு போடாமலே சுவர் வெடிப்பில் குடியேறி, ஒரு தாய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, மூக்கில் ரத்தம் வரும்வரை கொண்டுபோகும். அடர்ந்த முடிக்குள் உண்ணியைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் கைவிட்டுத் துழாவ வேண்டும். சீவுவதன் பெரிய பயன் இதுதான்: அழகு வருகிறதோ இல்லையோ, உடம்பு முழுக்க ஒரு கை போய்வருகிறது. கட்டி, புண், காது நாற்றம் எல்லாம் அந்தக் கைக்கே முதலில் தெரியும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்க அமீரகத்தில் தடை உண்டு. நாய்க்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லாததால், தார்ச்சாலையில் உள்ளங்கால் வெந்துவிடாமல் விடிகாலையில் நடத்துகிறார்கள். நடை குறைந்தால் நகம் தேயாது. டைல்ஸில் டக் டக் என்று கேட்டால் வெட்டும் நாள் வந்துவிட்டது. நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. அளவு தவறி ஒருமுறை வெட்டினால், நகவெட்டியைப் பார்த்தாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கைவராதவர்களுக்கு வாசலுக்கே வரும் குரூமிங் வேன் உண்டு. உள்ளே ஏசியில் நாய். வெளியே வெயிலில் முதலாளி.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நாய் உண்டு: பாலைவன நாடோடிகளான பதூயின்கள் கூடாரத்துக்குள் சேர்த்துக்கொண்ட வேட்டைநாய் சலுக்கி. மெல்லிய முடி, காதிலும் வாலிலும் கால்களிலும் சிறு குஞ்சம். வாரம் ஒருமுறை சீவினால் அதற்குப் போதும். ஹஸ்கிதான் வேண்டும் என்பவர்கள் நாய்க்கு முன்னால் சீப்பை வாங்கிவிடுங்கள்.