மூலைமட்டமும் என் மாமனாரும்

என் மாமனார் மாதம் ஒரு சாயங்காலம் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தட்டைப் பெட்டியுடன் எழும்பூர் எத்திராஜ் சாலையிலுள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குப் போவார். பெட்டிக்குள் இருப்பது ஏப்ரன் என்பது எனக்குக் கல்யாணமாகி எட்டாவது வருஷம்தான் தெரிந்தது. வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் வெளியே போய் ஏப்ரன் கட்டிக்கொள்கிறார் என்பதை மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

ஃப்ரீமேசன்கள் கொத்தனார் கருவிகளைச் சின்னமாக வைத்துக்கொண்டு, சடங்குகளை வெளியே சொல்லாத சங்கத்தார்; தங்கள் கதையைச் சாலமன் ராஜா கோயில் கட்டியதிலிருந்து தொடங்குவார்கள். அவர்கள் கிளைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். இந்தப் பெயரால் குடும்பம் பட்ட பாடு தனி. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வர அரைமணி தாமதம். "அப்பா லாட்ஜுக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்" என்று மச்சினன் பெருமையாகச் சொன்னான். திரும்பும்போது என் அம்மா ஆட்டோவில் வாயே திறக்கவில்லை.

2024-ல் அந்த லாட்ஜுக்கு நூறு வயசு. நினைவு நாணயம் அடிப்பதென்று முடிவாகி, கமிட்டி போட்டு, கமிட்டியில் ஒருவருக்கும் கோரல்டிரா தெரியாததால் வேலை என் தலையில் விழுந்தது.

மேசன்கள் காசு அடிப்பது புதுசில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு. நம் ஊர்க் கடையில் மிட்டாய் தருவதுபோல், அங்கே தனியார் செம்பில் அரைப் பென்னி வில்லைகள் அடித்தார்கள். அதில் ஒன்று மேசன்களுடையது. 1790 நவம்பர் 24-ல் வேல்ஸ் இளவரசர் அவர்களின் கிராண்ட் மாஸ்டராகத் தேர்வான செய்தி அதில் பொறித்திருக்கிறது. இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் 1961-ல் அமைந்ததும் ஒரு நவம்பர் 24-ல்தான். மாமனாரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டில் யார் எந்தத் தேதியைச் சொன்னாலும் கொஞ்ச நாள் இதையே ஆரம்பித்தார். தேதி தீர்ந்தால் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா. 1770-களிலேயே திருச்சியில் மேசனாகச் சேர்ந்தவர் என்று, ஏதோ இவர்தான் கூட்டிப்போய்ச் சேர்த்ததுபோல் சொல்வார்.

அமெரிக்க லாட்ஜுகளில் இந்த மாதிரி லாட்ஜ் காசு சட்டைப்பையிலேயே இருக்குமாம். பட்டாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒருவர் காசை மேஜையில் தட்டினால் மற்றவரும் எடுத்துக் காட்ட வேண்டும்; காட்டாதவர் செலவில் மற்றவர்கள் குடிப்பார்கள். "எங்கள்ல பாதிப்பேருக்கு சர்க்கரை. அந்த வம்பு வேண்டாம்" என்று கமிட்டி தள்ளிவிட்டது.

"சரி மாமா, காசில் என்ன போடணும்?"

"மூலைமட்டமும் கவராயமும்."

"எதுக்கு?"

"அது சொல்லக்கூடாது மாப்பிள்ளை."

வருஷம்? 6024 என்றார். உலகில் முதல் வெளிச்சம் வந்ததிலிருந்து எண்ணுவார்களாம். நாம் எழுதும் வருஷத்தோடு நாலாயிரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் பஞ்சாங்கத்தின் கலியுகமே இந்தக் கணக்குக்கு 900 வருஷம் இளையது.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் மெடல், ஷீல்டு செய்யும் கடை. கடைக்காரர் என் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பில்டர்ஸ் அசோசியேஷனா சார்? ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் விட்டுட்டீங்களே." பிறகு, "வருஷம் தப்பா அடிச்சிருக்கீங்க. ஆறை எடுத்துட்டு ரெண்டு போடறேன், அதுக்குத் தனியா காசு வேணாம்." அவரைத் தடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பித்தளை, 44 மில்லிமீட்டர், நீல எனாமல், 300 உருப்படி. டை, அதாவது அச்சு, வெட்டுகிற செலவு ஒன்றுக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். 'ஆன்டிக் ஃபினிஷ்' என்றால் புதுசாக அடித்த காசைக் கறுப்பாக்கி, மேட்டை மட்டும் துடைத்து, நூறு வருஷம் பரணில் கிடந்ததுபோல் ஆக்குவது. மாமனார் தலைக்கு டை அடிப்பது நேர் எதிர்த் திசையில். பில்லில் மட்டும் 'காயின்' என்று எழுத மாட்டேன் என்றார். "காசு அடிக்கிறது கவர்மென்ட் வேலை சார். மெடல்னு போட்டுக்கறேன்." நாணயம் என்று எழுத மறுத்த நாணயமான மனிதர்.

பெட்டி வந்தது. மாமனார் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். முகம் தொங்கிவிட்டது.

"தப்பா இருக்கே மாப்பிள்ளை."

"எங்கே மாமா?"

"சொல்லக்கூடாது."

"சொல்லாம எப்படி மாமா திருத்தறது?"

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மாமியார் சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டார். அப்புறமும் சொல்லவில்லை. போனை எடுத்துத் தேடினேன். இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. கவராயத்தின் இரண்டு முனையும் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்திருந்தால் முதல் படி, புதிதாகச் சேர்ந்தவர். ஒரு முனை மேலே வந்தால் இரண்டாம் படி. இரண்டும் மேலே வந்தால்தான் மாஸ்டர். பார்க்க அம்சமாக இருக்கிறதே என்று நான் மூலைமட்டத்தை மேலே ஏற்றிவிட்டிருந்தேன். நூறு வருஷத்து லாட்ஜை ஒரே அழுத்தில் எல்.கே.ஜி.யில் சேர்த்தாயிற்று.

போனை அவரிடம் நீட்டினேன். படித்தார். "இதெல்லாம் எவன் வெளியில சொன்னது?" என்றார்.

புது டைக்கு என் கைக்காசு போயிற்று. பழைய முந்நூறையும் இனிமேல் சேருகிறவர்களுக்கு முதல் படியில் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. வருஷத்துக்கு நாலைந்து பேர் சேர்ந்தால் அதிகம். அதுவரை மூட்டை எங்கள் வீட்டுப் பரணில். ஆன்டிக் ஃபினிஷ் தானாகவே ஏறிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் பாத்ரூம் ஓதம் பார்க்க வந்த மேஸ்திரி டீப்பாயில் கிடந்த காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த சங்கம் சார் இது? எங்க சங்கத்துல டிபன் பாக்ஸ்தான் குடுத்தாங்க."

"மாமாவுது" என்றேன்.

மேஸ்திரி மாமனாரை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் மரியாதை கூடியது. "பெரியவர் நம்ம தொழிலா? எந்த சைட்ல சார் வேலை செஞ்சீங்க?"

மாமனார் கொஞ்சம் யோசித்து, "சாலமன் ராஜா கோயில்" என்றார்.

"கோயில் வேலையா! கூலி நல்லா குடுத்தாங்களா?"

"அது சொல்லக்கூடாது."