கடல்காக்கை வழக்கு

டண்டி, ஸ்காட்லாந்து
மே மாதம், மழை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மருமகளும் பயலும் சுகம். அங்கே நீங்கள், சித்தி, ஆச்சி, உங்கள் வக்கீல் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குடும்பக் குரூப்பில் நான் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டதை அம்மா ஒரு சொல் விடாமல் போனில் ஒப்பித்துவிட்டாள். "கிணத்து மோட்டாருக்குப் பங்கு கேட்டா அவனுக்குக் கை நடுங்குது. கோல்ஃப் ஆட மட்டும் பவுண்டு முளைக்குதோ?" கேள்வி நியாயம்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த குடும்பம் நாம். உள்ளே போகிறவர் காரில் போவார், மட்டையைத் தூக்க ஆள் தனியாக வரும். மட்டையும் கையுமாக நான் நின்றால் எனக்கு லாட்டரி விழுந்துவிட்டதாகத்தான் தோன்றும். மோட்டார் பங்கு இந்த மாதச் சம்பளத்தில் வந்துவிடும். இனி கோல்ஃப் கணக்கைக் கேளுங்கள்.

மட்டைகள் தர்மக் கடையில் வாங்கியவை. இறந்துபோனவர்கள் வீட்டுச் சாமான், வீடு மாறுகிறவர்கள் கழித்த சாமான் எல்லாம் இங்கே அந்த மாதிரிக் கடைக்குத்தான் போகும். விற்ற காசு தர்மத்துக்கு. பையோடு சேர்த்து ஏழு மட்டை. விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். என் ஏழில் ஒன்று இடதுகைக்காரருடையது, அதை ஏற்றத்தில் ஊன்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறேன். மற்ற ஆறையும் அதற்கே பயன்படுத்தலாம் என்பது உங்கள் மருமகளின் கருத்து.

படத்தில் இருக்கும் கல்பாலத்துக்கு ஸ்வில்கன் பாலம் என்று பெயர். டண்டியிலிருந்து ஆற்றைத் தாண்டிப் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர் வரும், அங்கே ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் ஓடையைக் கடக்க 700 வருஷத்துக்கு முன்னால் கட்டியது என்கிறார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அதில் ஏறி நின்று கையசைத்துத்தான் விடைபெறுவார்கள். 2005-இல் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் போனார். அந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆட வெளியூர்க்காரருக்கு சீசனில் 300 பவுண்டுக்கு மேல் ஆகும். நான் ஏறி நின்றது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்ச்சனம் நாயும் பிள்ளைகளுமாக நடக்கப் போகும். ஆக மொத்தச் செலவு பஸ் டிக்கெட். மட்டை படத்துக்காகக் கொண்டுபோனது.

நான் சாதாரணமாக ஆடுவது ஹிமாலயாஸில். அது ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் புல்தரை, பந்தைத் தரையோடு தட்டிக் குழியில் விட வேண்டும், சில பவுண்டுதான். பெண்கள் 1867-இல் ஆரம்பித்த சங்கத்துடையது. சித்தியிடம் ஒன்று சொல்லுங்கள். 1754-இல் தோன்றிய அந்த ஊர்ப் பெரிய கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஓட்டுப் போட்டது 2014-இல். 260 வருஷம் யோசித்திருக்கிறார்கள். நீங்கள் பால் சொசைட்டியில் சித்தியை நிற்கவிடுவதற்கு எடுத்துக்கொண்ட காலம் அதற்குக் கொஞ்சம் குறைவுதான்.

பெரிய மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற பெரியவர் ஒருவர். அந்த ஊர்க்காரர். இங்கே பஸ் ஓட்டுகிறவர், குழாய் ரிப்பேர்காரர், வாத்தியார் எல்லாரும் ஆடுவார்கள். உள்ளூர்க்காரருக்கு வருஷச் சீட்டு தனி விலை. ஏன் தெரியுமா? நிலம் பொது. அந்தக் கதை உங்களுக்கென்றே நடந்த மாதிரி இருக்கிறது, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே காற்று அடித்துச் சேர்த்த மணல்காடு அது. நம் குதிரைமொழித் தேரியை எடுத்துச் சிவப்பைக் கழுவிவிட்டுப் பனைக்குப் பதில் புல் முளைக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. உழ முடியாது, விதைக்க முடியாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், மிச்ச இடத்தில் சனங்கள் பந்து அடிப்பார்கள். குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் ஒண்டிய பள்ளங்கள்தான் இன்றைக்கு ஆட்டக்காரர்களை அழவைக்கும் மணல்குழிகள் என்று சொல்கிறார்கள். 1457-இலேயே ராஜா ஒருவர் பையன்கள் வில் பழகாமல் கோல்ஃபும் கால்பந்துமாகக் கிடக்கிறார்கள் என்று இரண்டையும் தடை செய்திருக்கிறார். என் கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டுப் பூட்டிய உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

1552-இல் ஊர்ச் சனத்துக்கு அந்த மணலில் விளையாடவும் மாடு மேய்க்கவும் உரிமை உண்டு என்று பத்திரம் எழுதியாயிற்று. எழுதிக் கொடுத்தவர் ஜான் ஹாமில்டன் என்கிற பேராயர். முயல் வளர்க்கிற உரிமை மட்டும் அவருக்கு. இரண்டு உரிமையையும் ஒரே பத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? 1797-இல் நகரசபை கடனில் மூழ்கி நிலத்தை விட்டது; இரண்டு வருஷத்தில் அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. அவர்கள் முயலைப் பெருக்க, முயல் வளையைப் பெருக்க, ஆட்டக்காரர்கள் கொதித்துப்போய்க் கோர்ட்டுக்கும் கைகலப்புக்கும் இறங்கினார்கள். இருபது வருஷம் ஓடியது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்கிற நிலக்காரர், அவரும் ஆட்டக்காரர், மொத்தத்தையும் வாங்கி முயலை அனுப்பிவைத்தார். 1894-இல் நகரசபை திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. உங்கள் வேலி வழக்கு போகிற வேகத்தில் போனால் முயல் வழக்கைத் தாண்டிவிடும். மனம் தளர வேண்டாம்.

நாங்கள் ஆடியது நியூ கோர்ஸில். புதுசு என்றால் 1895-இல் போட்டது.

காற்றைப் பற்றி எழுதினால் நம்ப மாட்டீர்கள். வலப்பக்கம் அடித்த பந்து கடல் வரை போய்ப் பார்த்துவிட்டு இடப்பக்கம் வந்து விழுகிறது. டிவியில் வருகிற மாதிரி உயரத் தூக்கி அடித்தால் இங்கே செல்லாது. தாழ அடித்து, கெட்டித் தரையில் உருளவிட வேண்டும். மணல்குழிகளோ ஆள் உயரம், சுவர் வைத்த மாதிரி புல்கட்டி அடுக்கியிருப்பார்கள். முன்னால் அடிக்க வழியில்லாமல் பின்னால் அடித்து வெளியே வர வேண்டியிருக்கும். பெரிய ஆட்டக்காரருக்கே கதி அதுதான். 1978-இல் நகாஜிமா என்கிற ஜப்பான்காரர் ஓல்ட் கோர்ஸின் 17-ஆவது குழியில் நல்ல நிலையில் இருந்தவர், மெதுவாகத் தட்டிய பந்து உருண்டு மணல்குழிக்குள் போய்விட்டது. ஏறி வர நாலு அடி ஆயிற்று. குழியை முடிக்கும்போது ஒன்பது. அந்த மணலை இன்றைக்கும் அவர் பேர் சொல்லித்தான் கேலி செய்கிறார்கள். என் பேரில் ஏழெட்டு இடத்துக்குப் பேர் வைக்கலாம், ஆனால் உச்சரிக்க வராது என்று விட்டிருப்பார்கள்.

வழியெல்லாம் கார்ஸ் என்று ஒரு முள்புதர். இந்த மாதத்தில் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். என் பந்து அதற்குள் போனது, கையை விட்டேன். சித்தப்பா, தேங்காய் வாசனை! பொய்யில்லை, அந்தப் பூவுக்கு வாசனையே அதுதானாம், பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. முழங்கை வரை முள் கிழிக்கிறது, மழை பக்கவாட்டில் அடிக்கிறது, ஒன்பது டிகிரிக் குளிர். நான் புதரை மோந்தபடி நிற்கிறேன். ஆச்சி துருவலில் ஒரு பிடியை எனக்கென்று ஒதுக்கி வைப்பாளே, கேட்டால் தலையெழுத்தே என்று இன்னொரு பிடி தருவாளே. இங்கே கடையில் விற்கிற தேங்காயை உடைத்தால் பாதி நாள் உள்ளே கெட்டிருக்கும், காசையும் திருப்பித் தர மாட்டான். பந்து கிடைத்துவிட்டதா என்று பெரியவர் கேட்டார். நான் பந்தைத் தேடவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதுவதே இதற்காகத்தான்.

அடுத்த குழியில், என் வாழ்நாளில் அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. நேராகப் போய் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. இருவரும் பார்த்தோம். நாங்கள் மேட்டில் ஏறுவதற்கும் ஒரு கடல்காக்கை எழும்புவதற்கும் சரியாக இருந்தது. அலகில் வெள்ளையாக என்னவோ. அது கடல் பக்கம் போய்விட்டது. பந்தைக் காணோம்.

இதற்கு விதி இருக்கிறது. ஆட்டத்தில் சேராத மிருகமோ பறவையோ பந்தைத் தூக்கிப்போனால் ஆட்டக்காரனுக்குத் தண்டனை இல்லை. பந்து கிடந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டு, வேறு பந்தை வைத்து ஆடலாம். ஆனால் தூக்கிப்போனது நிச்சயமாகத் தெரிய வேண்டும். அசைக்க முடியாத ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால், கிடைக்கிற தகவலை எல்லாம் வைத்துப் பார்த்தால் குறைந்தது 95 சதவீதம் அப்படித்தான் நடந்திருக்கும் என்று இருக்க வேண்டும். எண்ணைப் போட்டே எழுதியிருக்கிறான், சித்தப்பா! 94 என்றால் பந்து தொலைந்த கணக்கு. பழைய இடத்துக்கே திரும்ப நடந்து போக வேண்டும், ஒரு அடி அபராதமும் உண்டு.

நான் 100 என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, அலகில் இருந்தது ரொட்டியாகவும் இருக்கலாம், 80 என்றார். மழையில் இங்கே யார் ரொட்டி சாப்பிடுவார் என்று கேட்டேன். 85 வரை ஏறினார். உருண்டையாக இருந்தது என்றேன். ரொட்டியும் உருண்டையாக இருக்கும் என்றார், ஆனாலும் மனிதர் நேர்மையானவர், 90 கொடுத்தார். அதற்கு மேல் அசையவில்லை. மிச்சம் சந்தேகத்தின் பலன் காக்கைக்கு.

இதற்குள் தேடுகிற நேரமும் ஓடுகிறது. தேட மூன்று நிமிஷம்தான். 2019 வரை ஐந்து நிமிஷம் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம், குறைத்துவிட்டார்கள். சதவீதம் பேசியே மூன்றும் போய்விட்டது. பெரியவர் போனில் விதிப்புத்தகத்தைத் திறந்தார். திரை நனைந்து ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திறந்தது. அந்த வகையில் நானும் நிறையக் கற்றேன். நின்ற பந்தைக் காற்று நகர்த்தினால் புது இடத்திலிருந்து ஆட வேண்டும். பறவை நகர்த்தினால் பழைய இடத்தில் வைக்க வேண்டும். பந்து முயல் வளைக்குள் போனால் தண்டனையில்லாமல் வெளியே எடுத்து ஆடலாம். மைதானத்தை விட்டு அனுப்பியும் முயலுக்கு விதிப்புத்தகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பாருங்கள். காக்கை பந்தைக் கொண்டுபோய்க் குழிக்குள்ளேயே போட்டால் எனக்குச் சேருமா என்று கேட்டேன். சேராதாம். ஒரு காக்கையிடமிருந்து இன்னொரு காக்கை பிடுங்கினால்? பெரியவர் போனை மூடிப் பையில் வைத்துவிட்டார்.

பின்னால் இருவர் காத்து நின்றார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டேன். காக்கையைப் பார்த்தோம், அலகைப் பார்க்கவில்லை என்றார்கள். உள்ளூர் சாட்சி எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். நான் திரும்பி நடந்து, அபராதத்தோடு அடித்து, 11-இல் முடித்தேன். தண்டனை இல்லாமல் இருந்திருந்தால் 9-க்கு மேல் போயிருக்காது. தோற்றவர் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் நான் தோற்றதாக அவர் சொல்கிறார். மீன் இன்னும் வாங்கவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

பெரியவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எல்லை, வேலி, வாய்க்கால், மாடு மேய்ந்தது என்று இத்தனை வருஷ அனுபவம். ஊர்ப் பஞ்சாயத்தில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நான் மகன் முறை என்றாலும் சலுகை காட்டமாட்டீர்கள் என்றும் சொன்னேன். நீங்கள் சொல்கிற சதவீதத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே நன்றாக யோசியுங்கள். அலகில் வெள்ளை இருந்தது. பந்து விழுந்ததை இருவர் பார்த்தோம். பந்து கிடைக்கவில்லை. சுற்றிலும் ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இல்லை, நான் தேடிப் பார்த்தேன். இவ்வளவும் வைத்து 95 வருமா வராதா?

தீர்ப்பை அம்மாவிடம் போனில் சொல்லிவிட வேண்டாம். தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, படம் எடுத்து அனுப்புங்கள். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்